சிற்றூர் பீர் ஆலைக்குப் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் பெற்றோர்களின் உணவுச் சிக்கல்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைத் தொடர்ந்து நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, அங்குள்ள சிறு ஊர்களில் குடும்பத்தோடு போய் உட்காரும் பீர் ஆலைகளைப் பற்றியே கேட்டிருந்தன. ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். என் மகன் அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் வேலை பார்க்கிறான். கோடையில் நானும் என் மனைவியும் அங்கே போகிறோம். ஊருக்குள்ளேயே ஒரு பீர் ஆலை இருக்கிறதாம். சனிக்கிழமை மாலையானால் எல்லோரும் அங்கேதான் சாப்பிடப் போவார்களாம். எங்களையும் அழைத்துப் போகப் போகிறானாம். நான் ஓய்வு பெற்ற ஆசிரியன். மருந்துக்குக்கூட மதுவைத் தொட்டதில்லை. மதுக்கடை என்றாலே நம் ஊர்க் கடைதான் கண்முன் வருகிறது. போகலாமா? போனால் எப்படி நடந்துகொள்வது? (பாளையங்கோட்டை வாசகர்)

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். நம் ஊரில் மதுக்கடை என்பது கம்பி வலைக்குப் பின்னாலிருந்து புட்டியை வாங்கி, நின்ற இடத்திலேயே அவசரமாகக் குடித்துவிட்டு, தெரிந்தவர் யாரும் பார்ப்பதற்குள் நகர்ந்துவிடும் இடமாகிவிட்டதால், உங்களுக்குத் தயக்கம் வருவது இயல்புதான். நீங்கள் போகப்போகும் இடம் பாதி தொழிற்கூடமும் பாதி உணவகமுமாக இருக்கும். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆளுயரத்துக்கு மேலான எஃகுத் தொட்டிகள் நிற்க, இந்தப் பக்கம் நீளமான மர மேசைகளில் பாட்டி முதல் கைக்குழந்தை வரை உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். குழந்தைகளை எத்தனை மணி வரை அனுமதிக்கலாம் என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும்; பேரப் பிள்ளைகள் உடன் வருவதாக இருந்தால் மகனிடம் முன்கூட்டியே விசாரித்து வைக்கச் சொல்லுங்கள்.

இந்த ஆலைகளுக்கு நீண்ட வரலாறு கிடையாது. அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சிக்கொள்வதை அனுமதிக்கும் சட்டத்தில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டது 1978இல்தான். சமையலறையில் கை பழகியவர்களில் சிலர் பிறகு பழைய பால் பண்ணைக் கருவிகளை மலிவாக வாங்கி ஆலை வைத்தார்கள். 1980இல் கலிபோர்னியாவின் சிக்கோ என்னும் ஊரில் தொடங்கிய சியரா நெவாடாவும் அப்படி எழுந்ததே. இன்று அந்நாட்டில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் இருக்கின்றன. ரயில் நிற்காத ஊரில்கூட ஒன்று இருக்கும்.

உள்ளே நுழைந்ததும் சுவரில் ஒரு கரும்பலகையைக் காண்பீர்கள். ஒவ்வொரு பீரின் பெயருக்கும் எதிரே இரண்டு எண்கள் எழுதியிருக்கும். முதலாவது மதுவின் விழுக்காடு: நான்கு என்றால் மென்மையானது, ஆறு ஏழு என்றால் கவனம் தேவை, பத்து என்றால் அது ஒயினுக்கு அருகில் வந்துவிட்டது என்று பொருள். இரண்டாவது ஐ.பி.யு. எனப்படும் கசப்பின் அளவு. உடன் வருபவர்கள் முழுக் கோப்பை வாங்காமல், சிறு கண்ணாடிக் குவளைகள் நான்கைந்தை ஒரு மரப்பலகையில் வைத்துத் தரும் ‘ஃப்ளைட்’டைக் கேட்பது நல்லது. ஒரு குவளை சுமார் 120 மில்லிலிட்டர்தான் பிடிக்கும். அமெரிக்க பைன்ட் கோப்பையோ 473 மில்லிலிட்டர். வெளிர் நிறத்தில் தொடங்கிக் கறுப்பில் முடிப்பதே முறை; வறுத்த மால்ட்டின், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியின், காட்டத்தை முதலில் சுவைத்துவிட்டால் அடுத்துக் குடிப்பது எதுவும் நாக்குக்கு எட்டாது.

நீங்கள் குடிக்க வேண்டியதில்லை. ‘எனக்கு வேண்டாம்’ என்று ஒருமுறை சொன்னால் போதும். காரணம் கேட்க மாட்டார்கள், வற்புறுத்தவும் மாட்டார்கள். இந்த ஒரு பண்பை மட்டுமாவது நம் திருமண வீட்டு மாடிகளுக்கு இறக்குமதி செய்யலாம் என்பது என் நெடுநாள் ஆசை. எலுமிச்சைச் சாறு கிடைக்கும். பல இடங்களில் ரூட் பீர் என்னும் மது கலவாத இனிப்புப் பானமும் வைத்திருப்பார்கள். ‘மது இல்லாத பீர்’ என்று விற்பதில் அரை விழுக்காடு வரை மது இருக்கக்கூடும் என்பதால், விரதமாக இருப்பவர்கள் அதைத் தவிர்ப்பதே சரி. உடன் வருபவருக்குத் தலை முழுவதும் நரைத்திருந்தாலும் பணியாளர் அடையாள அட்டையைக் கேட்பார்; 21 வயது நிரம்பியதைச் சரிபார்ப்பது அவருடைய கடமை. பணியாளருக்கு விலையில் 15 முதல் 20 விழுக்காடு அன்பளிப்பாக வைப்பது அங்கே வழக்கம். அது விருப்பத்தைப் பொறுத்தது என்பார்கள். ஆனால் வைக்காமல் எழுந்து வருவதை மரியாதைக் குறைவாகவே கொள்வார்கள்.

கேள்வி: சைவக்காரர்களுக்கு அங்கே சாப்பிட என்ன கிடைக்கும்? பீரிலேயே மீன் சேர்க்கிறார்கள் என்று என் நாத்தனார் சொல்கிறாள், உண்மையா? (அம்பாசமுத்திரம் வாசகி)

பதில்: உங்கள் நாத்தனார் சொல்வதில் உண்மை உண்டு. சில மீன்களின் காற்றுப் பையை உலர்த்திச் செய்யும் ஐசிங்கிளாஸ் என்னும் பொருளைப் பீரில் கலந்தால், மிதக்கும் ஈஸ்ட்டை அது திரட்டி அடியில் படியச் செய்துவிடும். இங்கிலாந்தில் பீப்பாயிலேயே முதிர்ந்து அதிலிருந்தே ஊற்றித் தரும் ஏல் என்னும் பீர் வகைகளில் இது நெடுங்காலப் பழக்கம். தெளிந்த பீரில் அது ஏறக்குறைய மிஞ்சுவதில்லை என்றாலும், சைவர் மனம் ஒப்பாது. அமெரிக்கச் சிற்றாலைகள் பலவற்றில் பீரைக் கலங்கலாகவே தருகிறார்கள், அல்லது குளிர வைத்துத் தெளிய விடுகிறார்கள். எதற்கும் கேட்டுவிடுவது நல்லது.

உண்மையான சிக்கல் தட்டில்தான் இருக்கிறது. உருளைக்கிழங்கு வறுவல் சைவம்தானே என்று நம்பி வாங்குவோம். மீனும் கோழியும் பொரித்த அதே எண்ணெய்ச் சட்டியில்தான் அதையும் பொரித்திருப்பார்கள், சில இடங்களில் அந்த எண்ணெயே மாட்டுக் கொழுப்பாக இருக்கும். காய்கறி சூப்புக்குக் கோழி வேகவைத்த நீரை அடிப்படையாகக் கொள்வதுண்டு. சீசர் சாலட்டின் குழம்பில் நெத்திலி போன்ற ஆங்கோவி மீன் அரைபட்டிருக்கும். கறுப்பு பீன்ஸ் அடையை வைத்துத் தரும் பர்கரைக்கூட மாட்டிறைச்சி வாட்டிய தட்டிலேயே சுடுவார்கள். ஆகவே ‘சைவம்’ என்று பொதுவாகச் சொல்லாமல், இறைச்சி, மீன், முட்டை, விலங்குக் கொழுப்பு ஆகிய நான்கும் ஆகாது என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். பாலாடைக்கட்டி மட்டும் தூவிய பீட்சாவும், கல் உப்புத் தூவிக் கடுகு விழுதோடு தரும் பிரெட்சலும் பெரும்பாலும் கைகொடுக்கும். பிரெட்சல் சூடாக வந்தால் மேல்தோல் பழுப்பாகப் பளபளத்து, பிய்க்கும்போது உள்ளே வெள்ளையாக ஆவி பறக்கும். அதற்குத் தொட்டுக்கொள்ளப் பாலாடைக்கட்டிக் குழம்பு வந்தால், அதில் பீர் ஊற்றிக் காய்ச்சியிருக்கிறார்களா என்று கேளுங்கள், ஊற்றுவது வழக்கம்.

கேள்வி: பனையில் தானாக ஊறும் கள்ளை 1987 முதல் தடை செய்து வைத்திருக்கிறோம். வெள்ளைக்காரன் பார்லியைக் காய்ச்சினால் அது கைவினை, நம் பனையேறி இறக்கினால் அது குற்றமா? இதில் என்ன நியாயம்? (திசையன்விளை வாசகர்)

பதில்: கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. செய்முறையை வைத்துப் பார்த்தால் கள்ளை மட்டமாகவும் பீரை உயர்வாகவும் நினைக்க இடமே இல்லை. பாளையிலிருந்து சொட்டும் சாற்றில் சர்க்கரை ஆயத்தமாக இருக்கிறது. கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் சில மணி நேரத்தில் அதைக் கள்ளாக்கிவிடும். பார்லிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதில் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்ட் அதை நேரடியாக உண்ணாது. குழந்தைக்குச் சத்துமாவு அரைப்பதற்குக் கேழ்வரகை முளைகட்டி உலர்த்துவது போலவே பார்லியையும் முளைகட்டிச் சூட்டில் உலர்த்துகிறார்கள், அதுதான் மால்ட். அதை நொறுக்கி ஏறக்குறைய 65 முதல் 68 பாகை வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால், முளைக்கும்போது தானியத்தில் உண்டான நொதிகள் மாவைச் சர்க்கரையாக்கும். வடித்த சாற்றை ஹாப்ஸ் என்னும் கொடியின் கசப்புப் பூக்களோடு ஒரு மணி நேரமோ சற்று அதிகமாகவோ கொதிக்கவிட்டு, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்க்கிறார்கள். ஏல் வகை ஒரு வாரத்தில் நொதித்து முடியும். லாகர் என்னும் மற்றொரு வகை குளிரில் பல வாரம் கிடக்க வேண்டும்.

ஆலைக்குச் சென்றால் ஒரு பிடி மால்ட்டைக் கேட்டு வாங்கிக் கடித்துப் பாருங்கள், மறுக்க மாட்டார்கள். முதலில் மொறுமொறுவென்று உடையும், பிறகு கடைவாயில் மெல்ல இனிப்பு இறங்கும். சாறு வடித்த பிறகு மிஞ்சும் ஈரச் சக்கையை அக்கம்பக்கத்து விவசாயிகள் மாட்டுத் தீவனத்துக்கு அள்ளிச் செல்வார்கள்.

கள்ளுக்கு உண்மையான உறவினர் வேண்டுமென்றால் பெல்ஜியத்தில் இருக்கிறார். பிரஸ்ஸல்ஸ் நகருக்கு அருகே லாம்பிக் என்றொரு பீர் செய்கிறார்கள். காய்ச்சிய சாற்றை அகலமான திறந்த தொட்டியில் குளிர்கால இரவு முழுவதும் விட்டுவைத்து, காற்றில் வரும் ஈஸ்ட்டே அதை நொதிக்கச் செய்யட்டும் என்று காத்திருக்கிறார்கள். அதன் புளிப்பைச் சுவைத்த நம் ஊர்க்காரர் எவருக்கும் பனங்காடு நினைவுக்கு வரும். வேறுபாடு ஒன்று உண்டு. லாம்பிக் மரப்பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் முதிரும். கள் மறுநாளே காடியாகிவிடும்.

உங்கள் கோபத்தின் மறுபாதியில்தான் எனக்கு உடன்பாடில்லை. கரும்பலகையில் எழுதும் விழுக்காட்டை ஆலைக்காரர் மானியால் அளந்து எழுதுகிறார். அதற்கு வரி கட்டுகிறார். தவறினால் உரிமம் போகும். கள்ளுக்கடைகள் இருந்த காலத்தில் அந்த அளவும் இல்லை, கலப்படத்தைத் தடுக்கும் கண்காணிப்பும் போதவில்லை. கள்ளை மீண்டும் அனுமதிக்கக் கேட்பவர்கள் இந்த அளவையும் சோதனையையும் சேர்த்துக் கேட்டால் கோரிக்கைக்கு வலு கூடும்.

கேள்வி: அல்வாவுக்குத் தாமிரபரணித் தண்ணீர் என்பது போல் பீருக்கும் தண்ணீர் முக்கியமாமே? நம் ஆற்று நீரில் காய்ச்சினால் எப்படி இருக்கும்? (கல்லிடைக்குறிச்சி வாசகர்)

பதில்: பீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான், ஆகவே முக்கியம்தான். செக் நாட்டின் பில்சன் நகரத்தில் தண்ணீர் மிக மென்மையானது. 1842இல் அங்கே பிறந்த வெளிர் பொன்னிற பில்ஸ்னர்தான் இன்று உலகெங்கும் விற்கும் லாகர்களுக்கு முன்னோடி. இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்துக் கிணறுகளில் ஜிப்சம் மிகுந்திருப்பதால் ஹாப்ஸின் கசப்பு அங்கே துல்லியமாக எடுபட்டது. அதனால் அவ்வூர் பேல் ஏல் என்னும் வெளிர் நிற ஏலுக்குப் பெயர் பெற்றது. டப்ளின் நீரின் காரத்தன்மையை வறுத்த தானியத்தின் புளிப்பு ஈடுசெய்ததால் அங்கே ஸ்டவுட் என்னும் கறுப்புப் பீர் நிலைத்தது. பொதிகையின் கடினப் பாறைகளில் இறங்கி வரும் பாபநாசத்து நீரில் உப்புகள் குறைவு. அந்த வகையில் அது பில்சன் கட்சியைச் சேர்ந்தது. கீழே ஊர்களின் கழிவையெல்லாம் வாங்கிக்கொண்ட பிறகு எந்தக் கட்சி என்று சொல்லாமலிருப்பதே மரியாதை.

இன்றைய ஆலைகள் தண்ணீரின் உப்பை முழுவதும் நீக்கிவிட்டு, வேண்டிய ஊரின் கணக்குக்கு உப்புகளை எடைபோட்டுச் சேர்த்துக்கொள்கின்றன என்பதால், ஆற்றின் பெருமை இதில் பழங்கதையாகிவிட்டது. தவிரவும், ஒரு லிட்டர் பீர் செய்ய, கழுவுவதையும் குளிர்விப்பதையும் சேர்த்து நான்கு முதல் ஏழு லிட்டர் தண்ணீர் செலவாகும். சிறிய ஆலைகளில் இன்னும் கூடுதல். கார், பிசானம் என்னும் இரு நெல் பருவங்களுக்கும் முறைபோட்டுத் தண்ணீர் விடும் ஆற்றில், அந்தச் சோதனையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: வீட்டிலேயே பீர் செய்யும் பெட்டி இணையத்தில் விற்கிறார்களே, வாங்கலாமா? (வள்ளியூர் வாசகர்)

பதில்: கூடாது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937இன்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். சொந்த உபயோகத்துக்கு என்பது அதற்கு விலக்காகாது. செய்முறையைப் பார்க்கும் ஆவல் இருந்தால் பெங்களூரிலோ புதுச்சேரியிலோ உள்ள சிற்றாலைக்குச் சென்று பார்க்கலாம்.

கேள்வி: அங்கே தரும் தீனி நமக்கு உப்புச் சப்பில்லாமல் இருக்கும். நம் ஊர்க் காரம் பீரோடு சேருமா? (தென்காசி வாசகர்)

பதில்: எந்தப் பீர் என்பதைப் பொறுத்தது. கசப்பு மிகுந்த ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல்) வகையோடு மிளகாய்க் காரம் சேர்ந்தால், கசப்பும் மதுவும் நாக்கின் எரிச்சலை மேலும் கூட்டும். தணிப்பது மால்ட்டின் இனிப்பு. செங்கோட்டை எல்லையில் பிரானூர்ப் பக்கம் கிடைக்கும் மிளகுக் கோழிக்கும் பிய்த்துப்போட்ட பரோட்டாவுக்கும் கசப்புக் குறைந்த பழுப்பு ஏல் பொருந்தும்; சாத்தூர்க் காராச்சேவுக்கு ஜெர்மன் கோதுமைப் பீர் பொருந்தும். வாழைப்பழமும் கிராம்பும் கலந்தது போன்ற மணம் கோதுமைப் பீரில் இருக்கும்; அதில் வாழைப்பழமும் சேர்ப்பதில்லை, கிராம்பும் சேர்ப்பதில்லை, எல்லாம் ஈஸ்ட்டின் வேலை. ஆனால் அங்கே போய்க் காரம் தேடுவதைவிட, மீன் வறுவலின் மேல் மால்ட் வினிகரைத் தெளித்து அவர்கள் சாப்பிடும் முறையில் ஒருமுறை சாப்பிட்டுப் பார்ப்பது பயணத்துக்கு நியாயம் செய்யும்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. பீர் குளிர்ச்சி, ஒரு கோப்பை ஒன்றும் செய்யாது என்கிறான் மருமகன். குடித்த பிறகு கார் ஓட்டுவதும் அவன்தான். (கோவில்பட்டி வாசகர்)

பதில்: மருமகன் இரண்டிலும் தவறு. இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர் வெறும் வயிற்றில் மது அருந்தினால், பல மணி நேரம் கழித்துக்கூட, தூக்கத்திலேயே, சர்க்கரை அபாய அளவுக்குத் தாழக்கூடும். தள்ளாட்டத்தைப் பார்ப்பவர்கள் போதை என்று நினைத்து விட்டுவிடுவார்கள். மருத்துவரைக் கேட்காமல் ஒரு வாய்கூட வேண்டாம். மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்ததையும் மருமகனிடம் காட்டுங்கள். வண்டி விஷயத்தில், நம் நாட்டில் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அந்த வரம்பு 80 மில்லிகிராம். வரம்பைக் கணக்கிட்டுக்கொண்டிராமல், யார் ஓட்டுவது என்பதை வீட்டை விட்டுப் புறப்படும்போதே முடிவு செய்து, அவர் கையில் எலுமிச்சைச் சாற்றைக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: நண்பருக்கு ஒன்றிரண்டு வாங்கி வரலாமா? (சங்கரன்கோவில் வாசகர்)

பதில்: வெளிநாட்டிலிருந்து திரும்பும் பயணி இரண்டு லிட்டர் வரை மதுவைச் சுங்க வரியின்றிக் கொண்டுவரலாம், பீரும் அந்தக் கணக்கில்தான் வரும். குழாயிலிருந்து பெரிய புட்டியில் பிடித்துத் தருவதை வாங்காதீர்கள். சில நாளில் வாயு போய்ச் சப்பென்றாகிவிடும். ஆலையிலேயே அடைத்து மூடிய அலுமினிய டப்பாக்களை வாங்கி, துணிகளுக்கு நடுவே சுற்றி, விமானத்தில் ஒப்படைக்கும் பெட்டிக்குள் வையுங்கள். கைப்பையில் வைத்தால் 100 மில்லிலிட்டர் விதிப்படி பாதுகாப்புச் சோதனையிலேயே பறித்துவிடுவார்கள். ஹாப்ஸ் மணம் மிகுந்த வகைகள் வெயிலிலும் நாள்பட்டாலும் விரைவில் மங்கும்; நண்பரிடம் குளிர்பெட்டியில் வைத்து அந்த மாதத்துக்குள் முடித்துவிடச் சொல்லுங்கள்.