ஓவர்க்ளாக் செய்த பிராசசர் ஏன் ஒரே வேகத்தில் நிற்பதில்லை?

ஓவர்க்ளாக் என்றால் கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரை, கம்பெனி வைத்த வேகத்தைத் தாண்டி ஓட்டுவது. அதற்குப் பெரும்பாலும் வோல்டேஜும் ஏற்ற வேண்டிவரும். சிக்கலே அங்கேதான்: வோல்டேஜை மட்டும் 10 சதவீதம் கூட்டினாலே சூடு ஏறக்குறைய 21 சதவீதம் கூடும். பல இன்டெல் பிராசசர்கள் 100 டிகிரியைத் தொட்டதும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

செங்கோட்டை தாண்டி, புளியரை வழியாக ஆரியங்காவுக்கு ஏறும் லோடு லாரியைப் பாருங்கள். எடுத்த எடுப்பில் விரட்டினால் பாதி ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்து ஓரங்கட்ட வேண்டியதுதான். அளவான கியரில் போகிறவர் நிற்காமல் ஏறிவிடுவார். பிராசசரும் அப்படித்தான். 5.2 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் அது தடுமாறினால் 5.0க்கு இறக்கி, வோல்டேஜையும் கொஞ்சம் குறைத்து, அரை மணி நேரம் முழு லோடில் ஓடவிடுங்கள். எங்கள் பக்கம் சாரல் நேரத்தில் தாக்குப்பிடித்த செட்டிங் ஏப்ரல் வெயிலில் தாக்குப்பிடிக்காமல் போகலாம். அப்போதும் ஒருமுறை சோதியுங்கள்.

பிராசசரைக் குளிர்விக்கப் பெரிய கூலர் மாட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வோல்டேஜ் போதாமல் வரும் கிராஷை எந்தக் கூலரும் சரிசெய்யாது.