பெரிய சுவரோவியத்தை நடுவில் வைத்து ஊருக்கு ஒரு கலைக்கூடம் நடத்த முடியுமா? திருகோணமலையிலிருந்து ஒரு பதில்

கேள்வி: எங்கள் ஊரில் பழைய கட்டடம் ஒன்று கிடைத்திருக்கிறது. அதன் பெரிய சுவரில் ஓவியம் வரைந்து, அதைச் சுற்றி ஒரு கலைக்கூடம் நடத்தலாம் என்று யோசிக்கிறோம். படம் முடிந்ததும் ஆட்கள் வராமல் போய்விடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. நடத்திய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

முடியும். ஆனால் உங்கள் பயம் நியாயமானது. படம் முடிந்து, திறப்புவிழா நடந்து, ஃபோட்டோ எடுத்து முகநூலில் போட்டுவிட்டால், மறுவாரம் கூடத்துக்கு வர யாருக்கும் காரணம் இருக்காது. அதனால் நான் முதலில் சொல்வது இதுதான்: படத்தை முடிக்காதீர்கள். சுவரின் ஒரு பங்கு வருடா வருடம் திரும்ப வரைய வேண்டியதாகவே இருக்கட்டும். எங்கள் கூடம் இன்றும் திறந்திருப்பதற்கு வேறு காரணம் எதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

நாங்கள் இருப்பது டச்சுக் குடாப் பக்கம், கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில். கட்டடம் முன்பு கருவாட்டு ஸ்ரோராக இருந்தது. மேற்குப் பார்த்த நீளச் சுவர், செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டியது. பிறகு யாரோ அதன்மேல் சீமெந்து பூசியிருக்கிறார்கள். பார்வைக்கு நல்ல சுவர். அதன் குணம் முதல் மாரிக்குப் பிறகுதான் தெரிந்தது.

உப்புப் போட்ட மீனைப் பல காலம் சாய்த்து அடுக்கிய சுவர் அது. போதாததற்குக் கடற்காற்று. ஐப்பசியில் தொடங்கி தை வரை எங்களுக்கு மழை. அப்போது நிலத்து ஈரம் சுவரில் ஏறும். மாசி, பங்குனியில் வெயில் பிடித்ததும் அந்த ஈரம் வெளியே வரும், வரும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு வரும். ஈரம் காய்ந்துவிடும், உப்பு பளிங்காகி அங்கேயே நிற்கும். எமல்ஷன் பெயின்ற் காய்ந்தால் பிளாஸ்டிக் படலம்தானே. உப்பு அதற்குப் பின்னால் திரண்டு படலத்தைக் கொப்புளம் கொப்புளமாக வெளியே தள்ளும். விரலால் அழுத்தினால் உடைந்து வெள்ளைத் தூள் கொட்டும். சுவரின் மேல்பகுதிக்கு ஒன்றும் ஆகாது. இடுப்பளவுக்குக் கீழேதான் இந்த அழிவு.

வயதான மேசன் ஐயா ஒருவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, கோயில் மதிலுக்கு என்ன பூசுறவை?" என்று கேட்டார். எங்களுக்கு அது போதுமாக இருந்தது. வெள்ளையும் காவியுமாகப் பட்டை அடிக்கிறார்களே, அது சுண்ணாம்பும் செம்மண் நிறமும். சுண்ணாம்பு ஈரத்தைத் தடுக்காது, வெளியே போக விடும். உப்பு வந்தாலும் மேலே பூக்கும், துடைத்துவிடலாம். அப்புறம் கீழ்ப்பகுதிச் சீமெந்தைக் கொத்தி எடுத்தோம். சுண்ணாம்பும் மணலும் கலந்து பூசினோம். அதன்மேல் சுண்ணாம்பிலேயே நிறம் கலந்து வரைகிறோம்.

உங்களுக்கும் உதவும் என்பதால் கொஞ்சம் விபரமாகச் சொல்கிறேன். சுண்ணாம்பைப் பால் பதத்தில் கரைக்க வேண்டும், கெட்டியாகப் பூசினால் வெடிக்கும். சுவரை முதலில் நனைத்துவிட்டு, காலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ பூசுங்கள். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை மெல்ல மெல்ல எடுத்துத்தான் அது இறுகும், உச்சி வெயிலில் அவசரமாகக் காய்ந்தால் கையில் ஒட்டும் தூளாகிவிடும். நிறத்துக்குச் சீமெந்துத் தரைக்குப் போடும் சிவப்பு, மஞ்சள், கறுப்புத் தூள்கள் நல்லவை. இரும்பு ஒக்சைட் என்பதால் சுண்ணாம்பின் காரத்துக்கும் வெயிலுக்கும் நிற்கும். நீலத்துக்கு உடுப்புக்குப் போடும் தூள் நீலம். போத்தலில் வரும் திரவ நீலம் வேண்டாம், அது வேறு சாயம், வெளுத்துவிடும். இந்த நான்கையும் வெள்ளையையும் வைத்து எங்கள் பிள்ளைகள் ஒரு முழுக் கடலையே வரைகிறார்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கண் போய்விடும். கரைப்பதும் கலக்குவதும் பெரியவர்கள் வேலை. தூரிகை பிடிக்கும் பிள்ளைகளுக்குக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

மேல்பகுதிக்கு வெளிச்சுவர் அக்ரிலிக் பெயின்றே போதும். புதிதாகச் சாந்து பூசினால் நாலு கிழமையாவது விட்டு, காரம் தாங்கும் பிறைமர் அடித்துவிட்டு வரையுங்கள். மேற்குப் பார்த்த சுவர் என்றால் நிறத்தில் கவனம் தேவை. கச்சான் காற்று வீசும் மாதங்களின் பின்னேர வெயிலில் பளிச்சென்ற சிவப்பும் ரோஸும் முதலில் போய்விடும். காவியும் ஊதா கலந்த நீலமும் நிற்கும்.

இப்படிச் சுவரே இரண்டாகப் பிரிந்துவிட்டது. மேல்பகுதியை ஊரின் ஓவியர்களும் பெரிய பிள்ளைகளும் சாரம் கட்டி வரைந்தார்கள், அது நெடுங்காலம் இருக்கும். கீழ்ப்பகுதியை உப்பு எப்படியும் தின்னும், அதனால் அதைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டோம். மாசி பிறந்ததும் தும்புக்கட்டையால் உப்பை வறட்டுத் தூசாகத் தட்டி எடுப்போம். தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடாது, கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள் போய்விடும். பிறகு இரண்டு மூன்று தடவை சுண்ணாம்பு, அதன்மேல் புதுப் படம். எங்கள் வருடம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. நாடகப் பயிற்சி, பறை, கூத்து, வாசிப்பு வட்டம் எல்லாம் இருக்கின்றன, ஆனால் புது ஆட்கள் உள்ளே வருவது இந்த வேலையைப் பார்த்துத்தான். ஒழுங்கையில் போகிறவர் நின்று பார்ப்பார், கையில் ஒரு தூரிகையைக் கொடுத்தால் மறுப்பதில்லை.

2019 கடைசியில் நாடு முழுக்க இளைஞர்கள் மதில்களில் படம் வரைந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த உற்சாகம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் நான் பார்த்தவற்றில் பல அடுத்த மழைக்கே உரிந்தன. வரைந்தவர்கள் வேறிடம் போய்விட்டார்கள், கவனிக்க ஆள் இல்லை. லொஸ் ஏஞ்சலிஸில் ஜூடி பாக்கா என்ற ஓவியர் 1976இல் ஒரு வெள்ளவாய்க்காலின் கொங்கிரீட் சுவரில் தொடங்கிய வேலை இதற்கு நேர் எதிர். எண்ணூறு மீற்றருக்கும் மேல் நீளம். கோடைக்குக் கோடை ஒவ்வொரு பகுதியாக, நானூறுக்கும் மேற்பட்ட இளையோரைச் சேர்த்து வரைந்தார். அதே வருடம் அவர் சேர்ந்து தொடங்கிய அமைப்புத்தான் பின்னர் 2011இல் அந்த ஓவியத்தைப் புதுப்பித்தது. சுவரைக் கவனிக்க ஒரு கூடம், கூடம் கலையாமல் இருக்க ஒரு சுவர் என்ற ஏற்பாட்டை நான் அங்கிருந்துதான் படித்தேன்.

என்ன வரைவது என்பதில்தான் உங்களுக்கு உண்மையான சிக்கல் வரும். இது தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் வாழும் ஊர். 2005இல் ஒரே இரவில் வைத்த ஒரு புத்தர் சிலையால் கடைகள் நாட்கணக்கில் பூட்டிக் கிடந்ததைக் கண்டவர்கள் நாங்கள். அதனால் தொடக்கத்திலேயே எல்லோரும் உட்கார்ந்து கதைத்து ஒரு விதி வைத்தோம்: கடவுள் படம், கொடி, கட்சி அடையாளம், எந்த மனிதரின் முகமும் வேண்டாம். அரசியல்வாதியின் ஆட்கள் கேட்டபோது இந்த விதியைக் காட்டுவது சுலபமாக இருந்தது. காணாமல்போன மகனின் படத்தோடு ஓர் அம்மா வந்தபோது எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை. கடைசியில் மேசன் ஐயாவே, "மகன் என்ன வேலை செய்தவர் அம்மா?" என்று கேட்டார். ரேடியோ திருத்துவாராம். சுவரின் மேல்பகுதியில், கடைத்தெரு வருகிற இடத்தில், ஒரு கடைப் பலகையில் பின்மூடி கழற்றிய ரேடியோ ஒன்று இருக்கிறது. அந்தக் கம்பிகளை அம்மா சொல்லச் சொல்லத்தான் வரைந்தோம், எது சிவப்பு எது மஞ்சள் என்றுகூட அவருக்கு நினைவிருந்தது.

கிண்ணியாப் பிள்ளைகள் கொண்டுவந்தது இன்னொரு விதமான கேள்வி. 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டும் வேலை நடந்த காலத்தில், ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப்போன மிதவைப் படகு, நாங்கள் பாதை என்று சொல்வது, கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் இறந்தார்கள். அந்தப் பாதையை வரைய வேண்டும் என்று இவர்கள் கேட்டார்கள். பெரியவர்களில் பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள், பிள்ளைகள் மனதைக் கிளறும் என்பது அவர்கள் வாதம். நான் அப்படி நினைக்கவில்லை. பிள்ளைகள் தாங்களாகவே கேட்கும்போது மறைப்பதுதான் அவர்களைத் தனியே விடுவது. ஒரு தவணை முழுக்க இதைப் பற்றியே கதைத்தோம். கூட்டிவந்த உம்மா ஒருவர்தான் முடித்து வைத்தார்: "கீறட்டும். கரைக்கு வந்து சேர்ந்த மாதிரிக் கீறட்டும்." பாதை கரையில் முட்டி நிற்கிறது, பிள்ளைகள் புத்தகப் பையோடு இறங்குகிறார்கள், ஒருத்தி சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் கால்வைக்கிறாள். அது கீழ்ப்பகுதியில் இருப்பதால் வருடா வருடம் அழிகிறது, வருடா வருடம் புதுப் பிள்ளைகள் வரைகிறார்கள். ஏன் இதை வரைகிறோம் என்று சின்னவர்கள் கேட்க, பெரியவர்கள் சொல்ல வேண்டியிருக்கிறது.

மான்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் எங்கள் பிள்ளைகள் கோபிப்பார்கள். கோட்டைக்குள்ளும் கடற்கரையிலும் புள்ளிமான்கள் மாடு மாதிரி உலாவும் ஊர் இது. வருகிற பிள்ளை முதலில் வரைவது மான்தான். விடுங்கள், வரையட்டும்.

நேரம் வைப்பது பணத்தைவிடக் கஷ்டம். வார நாளில் ரியூசன், மாலையில் குர்ஆன் மதரஸா, ஞாயிறு காலையில் அறநெறிப் பாடசாலை, வெள்ளி மதியம் ஜும்ஆ. எல்லோருக்கும் பொதுவாக மிஞ்சியது சனி பின்னேரம். சாதாரண தரம், உயர்தரம் நெருங்கும்போது பெரிய பிள்ளைகள் வரமாட்டார்கள். கோபப்படாதீர்கள், பரீட்சை முடிந்ததும் வருவார்கள். பெண் பிள்ளைகள் இருட்டுமுன் வீடு சேரவேண்டும் என்பதைக் கணக்கில் வைத்தே முடிவு நேரத்தை வையுங்கள்.

எழுத்தில் இருக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, கட்டடச் சொந்தக்காரரோடு ஒப்பந்தம், சுவரை எத்தனை வருடம் தொடமாட்டார் என்பதோடு. மற்றது, மேல்பகுதியை வரையும் ஓவியரோடு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, தன் படைப்பைச் சிதைத்தால் ஆட்சேபிக்கும் உரிமை படைத்தவருக்கு உண்டு. பின்னாளில் யார் திருத்தலாம், யார் மீள வரையலாம் என்று முதலே எழுதிக்கொண்டால் மனக்கசப்பு வராது. கிராம உத்தியோகத்தருக்கும் பொலிஸுக்கும் முன்கூட்டியே தகவல் சொல்லிவிடுங்கள். கோட்டை மாதிரிப் பழைய இடங்களுக்கு அருகில் என்றால் தொல்பொருள் திணைக்களத்தைக் கேட்காமல் ஆணிகூட அடிக்கக்கூடாது.

பணம். படம் வரையத் தருவார்கள், கரண்ட் பில்லுக்குத் தரமாட்டார்கள். பெரிய தொகை தர முன்வந்த ஒரு நிறுவனம் சுவரின் நடுவில் தன் சின்னத்தைக் கேட்டது, வேண்டாம் என்றோம். கூடம் ஓடுவது ஒழுங்கைக் கடைக்காரர் தரும் மாதக் காசில். பெரிய பிள்ளைகள் உப்புவெளி, நிலாவெளிப் பக்க விடுதிகளுக்குச் சுவர் வரையப் போகிறார்கள், அந்தக் கூலியில் ஒரு பங்கு கூடத்துக்கு வரும். கடல் அமைதியான மாதங்களில் உல்லாசப் பயணிகள் உண்டியலில் போடுவதும் உண்டு, அதை நம்பித் திட்டம் போடுவதில்லை. சுண்ணாம்பு மலிவு என்பது எங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பது 2022இல் பெயின்ற் விலை ஏறியபோது தெரிந்தது.

உங்கள் கட்டடம் கடலுக்குக் கிட்டவா, சுவர் எந்தப் பக்கம் பார்த்தது என்று எழுதவில்லை. எதுவானாலும் ஒரு மாரி முழுக்க அதில் ஒன்றும் பூசாமல் விட்டுப் பாருங்கள். ஈரம் எதுவரை ஏறுகிறதோ அங்கே கரிக்கட்டியால் ஒரு கோடு போட்டு வையுங்கள். அதற்குள் ஊர்ச் சனத்தோடு கதைத்து முடிக்கவும் நேரம் சரியாக இருக்கும். சுவரின் ஃபோட்டோ ஒன்று போட்டால் மேசன் ஐயாவிடம் காட்டி, அவர் சொல்வதை எழுதுகிறேன்.