வரி கட்டிய ரசீது வீட்டுக்கு அத்தாட்சி ஆகுமா?

கேள்வி: அப்பா பிரான்சில் தவறிவிட்டார். பாரிஸுக்கு வெளியே அவர் பெயரில் ஒரு அபார்ட்மென்ட் இருக்கிறது. நான் லண்டனில் இருக்கிறேன். இங்கே அவருக்கு இருந்த வங்கிக் கணக்கு விஷயமாகப் போனபோது, அந்த வீட்டின் ‘டைட்டில் டீட்ஸ்’, அதாவது உரிமைப் பத்திரம், மொழிபெயர்ப்போடு வேண்டும் என்று சொலிசிட்டர் (வழக்கறிஞர்) கேட்கிறார். அம்மாவின் ஃபைலில் இருப்பது மூன்றே காகிதம்: தக்ஸ் ஃபோன்சியேர் என்ற சொத்து வரி நோட்டீஸ், கதாஸ்த்ர் என்ற நில அளவைப் பதிவின் நகல், வாங்கிய அன்று நொத்தேர் (விற்பனைப் பத்திரம் எழுதும் சட்ட அதிகாரி) கொடுத்த ஒரு பக்க அத்தெஸ்தசியோன், அதாவது சான்று. எதை அனுப்பட்டும்? பத்திரத்தின் ஒரிஜினல் தொலைந்துவிட்டது என்று அம்மா அழுகிறார். — ஒரு வாசகி, லண்டன்

பதில்: முதலில் அம்மாவைத் தேற்றுங்கள். ஒரிஜினல் தொலையவில்லை. அது உங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. பிரான்சில் வீடு வாங்கினால், கையெழுத்தான மூலப் பத்திரம் நொத்தேரின் அலுவலகத்தை விட்டு வெளியே போகாது. அதற்கு ‘மினுத்’ என்று பெயர். 75 ஆண்டுகள் அவர் பாதுகாப்பில் இருந்துவிட்டுப் பிறகு அரசு ஆவணக் காப்பகத்துக்குப் போகும். வாங்கியவர் கைக்கு வருவது அதன் அதிகாரபூர்வ நகல், ‘கொப்பி ஒத்தாந்திக்’. அதைத் தொலைத்தாலும் இன்னொன்று கேட்டு வாங்கலாம்.

வரி நோட்டீஸையும் கதாஸ்த்ர் நகலையும் ஃபைலிலேயே வைத்துவிடுங்கள். கதாஸ்த்ர் என்பது 1807-ல் நெப்போலியன் காலத்தில் நிலவரி போடுவதற்காகத் தொடங்கிய அளவைப் பதிவு. யாரிடம் வரி கேட்பது என்பதற்குத்தான் அது பதில் சொல்லும். வழக்கு என்று வந்தால் நீதிபதி அதை ஓர் அறிகுறியாக எடுத்துக்கொள்வார், அவ்வளவுதான். நம்மவர்கள் வீட்டு ஃபைல்களில் நான் அதிகம் பார்ப்பது இந்த இரண்டையும்தான். வருஷா வருஷம் வருகிறதே என்று பத்திரமாக அடுக்கி வைத்திருப்பார்கள்.

மூன்றாவது காகிதம் உபயோகமானது. பத்திரம் நிலப் பதிவு அலுவலகத்துக்குப் போய்ப் பதிவாகித் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். அதுவரை இன்சூரன்ஸ் எடுக்க, மின் இணைப்பு வாங்க, ‘இன்னார் இன்றைய தேதியில் வாங்கினார்’ என்று நொத்தேர் எழுதிக் கொடுப்பது அந்த அத்தெஸ்தசியோன். அதை வைத்தே சொலிசிட்டரைச் சமாளித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஆனால் அதில் நொத்தேரின் பெயரும் தேதியும் இருக்குமே, உங்களுக்கு வேண்டியது அதுதான். அவருக்கு எழுதி, கொப்பி ஒத்தாந்திக் கேளுங்கள். ஓய்வு பெற்றிருந்தால் அவர் இடத்துக்கு வந்தவரிடம் பழைய மினுத்கள் எல்லாம் இருக்கும். யாரென்றே தெரியாவிட்டால் ‘செர்வீஸ் த புப்லிசித்தே ஃபோன்சியேர்’ என்ற நிலப் பதிவு அலுவலகத்துக்கு 3233 படிவத்தை நிரப்பி அனுப்பி நகல் வாங்கலாம். 2013 வரை இதே அலுவலகத்தின் பெயர் ‘கொன்செர்வசியோன் தெ இப்பொத்தெக்’. பழைய காகிதங்களில் அப்படித்தான் இருக்கும், வேறு அலுவலகம் என்று அலையாதீர்கள்.

நகல் கைக்கு வந்ததும் ‘தெசிஞசியோன்’ என்ற, சொத்தை விவரிக்கும் பகுதியைப் பாருங்கள். கதாஸ்த்ர் எண், கட்டடத்தில் உங்கள் லொ (தனியாகப் பிரித்த பகுதி) எண், பொது நிலத்தில் 10,000-க்கு இத்தனை பங்கு என்று வரிசையாக இருக்கும். வீட்டுக்கு ஒரு லொ, நிலவறைக்கு ஒரு லொ, கார் நிறுத்த ஒன்று எனத் தனித்தனியாக எழுதியிருப்பார்கள். நிலவறை லொவை மறந்துவிட்டுப் பாகப்பிரிவினை எழுதிய குடும்பங்கள் உண்டு. அப்புறம் ‘எஃபே ரெலத்திஃப்’ என்று ஒரு பத்தி. இதற்கு முந்தைய பத்திரம் எந்தத் தேதியில், எந்த எண்ணில் பதிவானது என்று அது சொல்லும். தாய்ப்பத்திரத்துக்கு வழி அதுதான். மொழிபெயர்ப்பாளர்கள் சலிப்போடு தாண்டிப்போகும் பத்தியும் அதுதான். விடாமல் செய்யச் சொல்லுங்கள்.

மொழிபெயர்ப்பில் இன்னொன்று. ஆங்கிலச் சட்டத்தில் ‘டைட்டில்’ என்பது உரிமை. ‘டீட்’ என்பது காகிதம். பிரெஞ்சு ‘தித்ர்’ இரண்டையும் குறிக்கும். அதனால் தித்ர் என்று வருமிடமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு டைட்டில் என்று போட்டால் சொலிசிட்டர் குழம்புவார். நானாக இருந்தால் ‘நோட்டேரியல் டீட் ஆஃப் சேல், சர்டிஃபைடு காப்பி’ என்று எழுதுவேன். நொத்தேரை ‘நோட்டரி பப்ளிக்’ என்று எழுதவே வேண்டாம். இங்கிலாந்தில் நோட்டரி பெரும்பாலும் வெளிநாட்டுக்குப் போகும் காகிதங்களுக்குச் சான்று தருபவர். பிரான்சில் வீட்டு விற்பனையே நொத்தேர் கையில்.

சரி, இவ்வளவும் அப்பா வாங்கியதற்கான ஆதாரம்தான். இப்போது உரிமை யாருக்கு வந்திருக்கிறது என்பதற்கு வேறு இரண்டு காகிதம் வேண்டும். வாரிசுகள் யார் என்று சொல்வது ‘அக்த் த நொத்தொரியேத்தே’. வீடு அவர்களுக்கு மாறியது என்று சொல்வது ‘அத்தெஸ்தசியோன் இம்மொபிலியேர்’. பெயரில் அத்தெஸ்தசியோன் இருக்கிறதே என்று அம்மாவின் ஒரு பக்கக் காகிதத்தோடு சேர்த்துவிடாதீர்கள். இது நொத்தேர் முன் எழுதி, நிலப் பதிவிலும் ஏற்றப்படும் முழுப் பத்திரம். இன்னும் எழுதவில்லை என்றால் மொழிபெயர்ப்பைத் தள்ளிவைத்துவிட்டு அந்த வேலையை ஆரம்பியுங்கள்.

வீடு ஸ்ட்ராஸ்பூர் அல்லது மெட்ஸ் பக்கம் இருந்திருந்தால் பதில் மாறியிருக்கும். அல்சாஸ்-மொசெல் பகுதியில் ஜெர்மன் ஆட்சிக் காலத்திலிருந்து வந்த ‘லிவ்ர் ஃபோன்சியே’ என்ற தனிப் பதிவேடு உண்டு.

கேள்வி: தம்பி லெஸ்டரில் வீடு வாங்கினான். சொலிசிட்டர் அனுப்பியது வெறும் பிடிஎஃப். யாருடைய கையெழுத்தும் இல்லை. இங்கே பிரான்சில் நான் வாங்கியபோது கத்தையாகப் பத்திரம் தந்தார்கள். அவனை ஏமாற்றிவிட்டார்களா? — ஒரு வாசகர், லா கூர்னெவ்

பதில்: அந்த பிடிஎஃப்பில் தம்பியின் பெயர் இருந்தால் ஏமாற்றவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பதிவான வீட்டுக்கு லேண்ட் ரெஜிஸ்ட்ரி என்ற அரசு நிலப் பதிவு அலுவலகத்தின் பதிவேடுதான் உரிமை. முன்பு ‘லேண்ட் சர்டிஃபிகேட்’ என்று ஒன்று தருவார்கள். 2003 அக்டோபர் 13 முதல் அதுவும் கிடையாது. உங்கள் ஊரில் பத்திரத்தால் உரிமை வருகிறது, பதிவு அதை மூன்றாம் மனிதரும் ஏற்கும்படி செய்கிறது. அங்கே பதிவேட்டில் பெயர் ஏறும்போதுதான் சட்டப்படியான உரிமை மாறுகிறது.

பிடிஎஃப்பில் ஏ, பி, சி என்று மூன்று பகுதி இருக்கும். ஏ-யில் எந்த இடம், பி-யில் யார் உரிமையாளர், சி-யில் என்ன வில்லங்கம். வங்கிக் கடன் சி-யில்தான் நிற்கும். பி-யின் தலைப்பில் ‘டைட்டில் அப்சொலூட்’ (முழு உரிமை) என்று இருக்கிறதா என்று தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். ‘பொசெசரி’ (அனுபவத்தை வைத்துத் தந்த உரிமை) என்றிருந்தால் சொலிசிட்டரிடம் விளக்கம் கேளுங்கள். வாங்கப் பணம் போட்டவர்களில் நீங்களும் ஒருவர் என்றால் ஒரு எச்சரிக்கை: யார் எவ்வளவு போட்டார்கள், யாருக்கு எத்தனை பங்கு என்பது அந்தப் பதிவேட்டில் வராது. அதிகபட்சம் நான்கு பெயர்கள்தான் ஏறும். பங்கைப் பற்றித் தனியாக ‘டிக்ளரேஷன் ஆஃப் டிரஸ்ட்’ என்ற பங்கு ஆவணம் எழுதிக்கொள்ளுங்கள். தம்பிதானே என்று விடாதீர்கள், நாளைக்குத் தம்பி மனைவியும் இருப்பார்.

பழைய பத்திரக் கட்டு ஏதாவது வந்தால் தூக்கிப்போட வேண்டாம். ரெஜிஸ்ட்ரியின் வரைபடம் எல்லையைப் பொதுவாகத்தான் காட்டும். வேலிச் சண்டை வரும் நாளில் பழைய பத்திரம் உதவும்.

கேள்வி: காருக்கு? வண்டிப் பதிவுக் காகிதம், அதாவது பிரான்சில் கார்த் க்ரீஸ், இங்கிலாந்தில் வி5சி, இருந்தால் போதுமா? — அதே வாசகர்

பதில்: இரண்டுமே உரிமைச் சான்று இல்லை. வி5சி, வண்டியை வைத்திருப்பவர் யார் என்றுதான் பதிகிறது; இது உரிமைக்கு அத்தாட்சி அல்ல என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கிறார்கள். கார்த் க்ரீஸும் சாலையில் ஓட்டுவதற்கான காகிதம்தான். காசு கொடுத்த ரசீதையும் விற்றவரின் கையெழுத்துக் காகிதத்தையும் வைத்திருங்கள்.