தூண்டில் குண்டு, லூர் (மீன் மாதிரி செஞ்ச செயற்கை இரை) வாங்குறவங்க கேள்வி-பதில்

கே: டங்ஸ்டன் குண்டுன்னு சொல்லி வித்தாங்க, 14 கிராம். அதே வெயிட் ஈயக்குண்ட பக்கத்துல வெச்சா ரெண்டும் ஒரே சைஸ். ஏமாந்துட்டேனா?

ப: ஏமாத்திட்டாங்க, உங்க மேல ஒரு தப்பும் இல்ல. ஈயம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், சுத்த டங்ஸ்டன் 19.3, நல்ல கலவையா இருந்தாலும் 17ஐ ஒட்டி வரணும், அதனால அதே வெயிட்டுக்கு அது ஈயத்துல மூணுல ரெண்டு பங்கு சைஸ்தான் இருக்கும். ரெண்டையும் தராசுல வெச்சு போட்டோ எடுத்து, பில்லோட போய் பணத்த திருப்பிக் கேளுங்க. விட்டுடாதீங்க.

கே: கடல்ல மணல் தரையில உருண்டைக் குண்டு நிக்கவே மாட்டேங்குது. இன்னும் வெயிட்டா வாங்கவா?

ப: வெயிட் இல்ல, வடிவம். பிரமிட் குண்டு வாங்குங்க, மணல்ல குத்தி நிக்கும். பாறைப் பக்கம் மட்டும் அத போடாதீங்க, மாட்டிக்கும்.

கே: எந்த கலர் லூர் வாங்கலாம்?

ப: என்ன மீன், எவ்ளோ ஆழம், எதுவுமே எழுதல. அத முடிவு பண்ணிட்டு வாங்க.

கே: புது லூர் இழுக்கும்போது வலது பக்கமா ஓடுது. டிசைன் கோளாறா?

ப: பெரும்பாலும் மூக்குல தூண்டில் நரம்பு கட்டுற வளையம் கோணியிருக்கும். லூரோட மூக்கு உங்கள பார்த்த மாதிரி பிடிச்சு, வளையத்த குறடால இடது பக்கம் துளியூண்டு வளைங்க, இழுத்துப் பாருங்க, மறுபடி துளி. லூர் எவ்ளோ ஆழம் போகும்ங்கறத அந்த வளையம் இல்ல, முன்னாடி இருக்குற நாக்கு மாதிரி தகடுதான் முடிவு பண்ணும், நீளமா உடம்போட ஒட்டி நீட்டிக்கிட்டு இருந்தா ஆழத்துக்குப் போகும், குட்டையா செங்குத்தா இருந்தா மேலாக்கதான் ஓடும். ஆனா எனக்கு தீராத கோவம் கொக்கி மேல. பெயின்ட், கண்ணு, பளபளப்பு எல்லாம் பிரமாதமா பண்ணிட்டு கொக்கியில காசு மிச்சம் பிடிக்கிறாங்க! நானும் ஒரு தடவ அந்த பளபளப்புல மயங்கி ஒரு செட் வாங்கினேன், முதல் பெரிய மீன் இழுத்ததுமே மூணு முள்ளுல ரெண்டு நிமிந்துடுச்சு, மீன் போச்சு. சரின்னு தடிமனான கொக்கி மாட்டினா மிதக்க வேண்டிய லூர் முங்கிடுச்சு, ஏன்னா அந்த உடம்ப லேசான கொக்கிக்குன்னு கணக்கு பண்ணித்தான் செஞ்சிருக்காங்க. அதனால வாங்கும்போதே கொக்கிய விரலால வளைச்சுப் பாருங்க, வளைஞ்சா அங்கயே வெச்சுட்டு வந்துடுங்க.

கே: பழைய ஈயத்த சமையல் அடுப்புல உருக்கி குண்டு ஊத்தலாமா?

ப: கூடவே கூடாது. சாப்பாடு செய்யுற இடத்துல ஈயமா? 327 டிகிரியில உருகுற ஈயத்துக்குள்ள ஒரு சொட்டு தண்ணி விழுந்தா வெடிச்சு முகத்துல தெறிக்கும். ஈயக்குண்ட முழுங்கி அன்னப்பறவைங்க செத்ததாலதான் பிரிட்டன்ல 1987லயே சின்ன ஈயக்குண்டு விக்க தடை போட்டாங்க. வீட்டுல பிள்ளைங்க இருந்தா ரெடிமேடே வாங்குங்க, தொட்ட கைய சோப்பு போட்டு கழுவுங்க.