முதல் பெருவேட்டைத் துப்பாக்கி: குண்டில் தொடங்குங்கள், காலிபரில் அல்ல

கேள்வி: "ஒரு வருடமாக .22 துப்பாக்கியில் இலக்குப் பயிற்சி செய்து வருகிறேன். வேட்டை உரிமத் தேர்விலும் தேறிவிட்டேன். வரும் பருவத்தில் மான் வேட்டைக்கு அழைப்பு வந்திருக்கிறது. அடுத்து எல்க், மூஸ் என்று பெரிய விலங்குகள். என்றாவது ஒருநாள் ஆப்பிரிக்கக் காட்டெருமை. எல்லாவற்றுக்கும் ஒரே துப்பாக்கி போதுமா? '.300 மேக்னம் வாங்கிவிடு, பிறகு கவலையே இல்லை' என்கிறார்கள் நண்பர்கள். நம்பி வாங்கக்கூடிய துப்பாக்கி எது, காலிபர் எது?"

முதலில் நேரடியான பதில். .308 வின்செஸ்டர் அல்லது .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட் தோட்டாவுக்கான ஒரு போல்ட் துப்பாக்கியை, அதாவது ஒவ்வொரு முறையும் கைப்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் வகையை, வாங்குங்கள். உங்கள் உடல்வாகு சிறியது என்றாலோ, சுடும்போது துப்பாக்கி தோளில் பின்னுக்கு உதைப்பது பிடிக்கவில்லை என்றாலோ 6.5 க்ரீட்மூர் அல்லது பழைய 6.5×55 போதும். மானிலிருந்து மூஸ் வரை இவை போகும். காட்டெருமைக்கு இது எதுவும் ஆகாது. அதை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம், கடைசியில் பேசுவோம்.

நண்பர்கள் சொன்னதில் பாதி உண்மை. 1963-இல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னம் எந்த மானையும் வீழ்த்தும். "பிறகு கவலையே இல்லை" என்ற மறுபாதிதான் தவறு. அந்தத் துப்பாக்கியை எடுத்தவுடன்தான் பலருக்குக் கவலையே தொடங்குகிறது.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். காலிபர் என்பது குண்டின் விட்டம், அவ்வளவுதான். .308, .30-06, .300 மேக்னம் ஆகிய மூன்றும் எறிவது ஒரே விட்டமுள்ள குண்டைத்தான்: 0.308 அங்குலம், அதாவது 7.8 மில்லிமீட்டர். பெயரைக் கேட்டு .308 பெரியது, .300 சிறியது என்று நினைப்பவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன். வேறுபாடு குண்டுக்குப் பின்னால் இருக்கும் வெடிமருந்தின் அளவில்தான். 1906-இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற .30-06-இன் பித்தளை உறை 63 மில்லிமீட்டர் நீளம். 1952-இல் வந்த .308-இன் உறை 51 மில்லிமீட்டர். மேம்பட்ட வெடிமருந்தால் குட்டை உறையிலேயே ஏறக்குறைய அதே வேலையைச் செய்கிறது. மேக்னத்தின் உறை தடித்தது, மருந்து அதிகம்.

அந்த அதிக மருந்து என்ன தருகிறது? 180 கிரெய்ன் குண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கிராமில் சொன்னால் 11.7. .30-06-இல் அது குழல்வாயைவிட்டு வெளியேறும்போது இருக்கும் வேகம், .300 மேக்னத்தில் சுமார் 100 மீட்டர் போன பிறகும் மிச்சமிருக்கும். ஆகவே மேக்னம் வாங்குவது என்பது நூறு மீட்டர் தூரத்தை விலைகொடுத்து வாங்குவது. 200 மீட்டருக்குக் குறியைச் சரிசெய்து வைத்தால், 300 மீட்டரில் .30-06-இன் குண்டு ஏறக்குறைய ஒரு சாண் கீழே இறங்கும். மேக்னத்தில் அதைவிட இரண்டு மூன்று விரற்கடை குறைவு. முதல் பருவத்திலேயே 300 மீட்டரில் உயிருள்ள விலங்கைச் சுட நீங்கள் திட்டமிடவில்லை என்று நம்புகிறேன். 200 மீட்டருக்குள் அந்த இரண்டு விரற்கடையும் இல்லை.

விலை என்று சொன்னேனே, அதைத் தருவது உங்கள் தோள். மூன்றரை கிலோ எடையுள்ள துப்பாக்கியில் 6.5 க்ரீட்மூரின் உதை சுமார் 17 ஜூல், .308-க்கு 22 முதல் 25 வரை, .300 மேக்னத்துக்கு 35-ஐத் தாண்டும். காகிதத்தில் இது வெறும் எண். பயிற்சித் தளத்தில் பத்தாவது தோட்டாவில்தான் அதன் பொருள் புரியும். வலியைவிடப் பெரிய சிக்கல், உடல் கற்றுக்கொள்ளும் அச்சம். விசையை அழுத்தும் அந்தக் கணத்தில் கண் மூடும், தோள் முன்னால் தள்ளும், குழல் தாழும். செய்கிறோம் என்று நமக்கே தெரியாது, ஏனென்றால் வெடிச்சத்தமும் உதையும் அதை மறைத்துவிடும்.

கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. உங்களுக்குத் தெரியாமல் ஒருவர் உண்மையான தோட்டாக்களுக்கு இடையே மருந்தில்லாத பயிற்சித் தோட்டா ஒன்றைக் கலந்து போடட்டும். விசையை அழுத்தும்போது "டிக்" என்ற சத்தம் மட்டும் வரும். அப்போது குழல் அசையாமல் நின்றால் அந்தக் காலிபர் உங்களுக்குப் பொருந்துகிறது. மூக்கைக் கவிழ்த்துக் கீழே குத்தினால் பொருந்தவில்லை. வாங்குவதற்கு முன் நண்பர்களின் .300-ஐ இரவல் வாங்கி இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். நண்பர்களையும் செய்யச் சொல்லுங்கள். எத்தனை பேர் அமைதியாகிறார்கள் என்று பார்க்கலாம். குழல்வாயில் பொருத்தும் உதைக்குறைப்பான் உதவும்தான். ஆனால் அது சத்தத்தைப் பக்கவாட்டில் திருப்பி, அருகில் நிற்பவரின் காதைக் கெடுக்கும். உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதித்தால் ஒலியடக்கி அதைவிட நல்லது. எதுவானாலும் பயிற்சியில் காதுக்காப்பு இல்லாமல் ஒரு தோட்டாகூட வெடிக்காதீர்கள்.

இப்போது நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன்: குண்டு. முதலில் இதைத்தான் கேட்டிருக்க வேண்டும். விலங்கைக் கொல்வது ஜூல் கணக்கு அல்ல. முன்னங்காலுக்குப் பின்னால் நுரையீரலும் இதயமும் இருக்கும் பகுதியில் விழும் துளை, அதனால் சட்டென்று இறங்கும் ரத்த அழுத்தம், அதுதான் கொல்கிறது. அந்தத் துளை அகலமாகவும் இருக்க வேண்டும், ஆழமாகவும் போக வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி. காளான்போல விரிந்தால் சீக்கிரம் நின்றுவிடும். விரியாமல் போனால் ஊசித்துளை போட்டுவிட்டு மறுபக்கம் போய்விடும்.

1946-இல் ஜான் நாஸ்லர் என்பவர் கனடாவில் மூஸ் வேட்டைக்குப் போனார். கையில் இருந்தது .300 மேக்னம் வகைத் தோட்டா. சேறு காய்ந்து ஒட்டியிருந்த தோலில், கிட்டத்தில் சுட்டும் குண்டுகள் உள்ளே போகாமல் மேலாகவே சிதறின. வேகம் போதவில்லை என்பதால் அல்ல. அந்தக் குண்டுக்குத் தாங்க முடியாத வேகம் என்பதால். ஊர் திரும்பியவர், செம்பு உறைக்குள் நடுவே ஒரு செம்புச் சுவரை வைத்தார். முன்பாதி ஈயம் விரியும், சுவருக்குப் பின்னால் இருக்கும் பாதி கலையாமல் தள்ளிக்கொண்டு போகும். பார்ட்டிஷன் என்ற அந்தக் குண்டு 1948-இல் விற்பனைக்கு வந்தது; இன்றும் விற்கிறது. மேக்னம் வாங்கினால் கவலையில்லை என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தச் சேறு படிந்த மூஸ்தான் நினைவுக்கு வருகிறது.

ஆகவே தேர்வு இப்படி இருக்கட்டும். சாதாரண மானுக்கு 150 அல்லது 165 கிரெய்னில் வழக்கமான ஈயமுனைக் குண்டு போதும். எல்க், மூஸ் என்றால் 180 கிரெய்னில், நடுச்சுவர் உள்ளதோ, ஈயம் உறையோடு பிணைக்கப்பட்டதோ, முழுச் செம்பினாலானதோ வேண்டும். சில இடங்களில் தேர்வு உங்கள் கையில் இல்லை. கலிஃபோர்னியாவில் 2019 முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. செம்பு ஈயத்தைவிட எடை குறைந்தது, விரிவதற்கு வேகமும் கூடுதலாக வேண்டும். அதனால் செம்புக் குண்டில் ஒரு படி குறைந்த எடையையும், கிட்டிய தூரத்தையும் தேர்ந்தெடுங்கள்.

சட்டங்களும் பெரும்பாலும் காலிபர் பெயரைவிடக் குண்டையும் ஆற்றலையும்தான் பார்க்கின்றன. ஸ்வீடனில் மூஸுக்கு 9 முதல் 10 கிராமுக்குள் எடையுள்ள குண்டு 100 மீட்டரில் 2700 ஜூலாவது வைத்திருக்க வேண்டும். 10 கிராமும் அதற்கு மேலும் என்றால் 2000 ஜூல் போதும். எடையான குண்டுக்குச் சலுகை தருகிறார்கள், கவனித்தீர்களா? 6.5×55 போன்ற மென்மையான தோட்டாவால் அங்கே தலைமுறை தலைமுறையாக மூஸ் விழுந்துகொண்டிருப்பதன் ரகசியம் நீண்ட, எடையான குண்டுதான். நார்வேயில் பெருவேட்டைக்குப் போகிறவர் ஆண்டுதோறும் ஒரு தேர்வில் தேற வேண்டும்: 100 மீட்டரில் 30 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் ஐந்து குண்டுகள், ஐந்தும். துப்பாக்கி என்ன விலை என்று யாரும் கேட்பதில்லை.

துப்பாக்கியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன், ஏனென்றால் இன்று மோசமான போல்ட் துப்பாக்கி கிடைப்பது அரிது. 1898-இல் வந்த மௌசரின் அமைப்பைத்தான் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் திருப்பிச் செய்கிறார்கள். 1936-இல் வந்த வின்செஸ்டர் 70, 1962-இல் வந்த ரெமிங்டன் 700, 2003-இல் வந்த டிக்கா டி3 என்று எதை எடுத்தாலும் நல்ல தோட்டாவோடு 100 மீட்டரில் மூன்று நான்கு சென்டிமீட்டருக்குள் குண்டுகளைக் குவிக்கும். வேட்டைக்கு ஐந்து சென்டிமீட்டரே தாராளம். கடையில் நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் ஏற்றுங்கள். பிறகு கண்ணைத் திறங்கள். ஸ்கோப்பின், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியின், முழு வட்டமும் கழுத்தை நீட்டாமல், சுருக்காமல் தெரிய வேண்டும். குளிர்க்கையுறை போட்ட விரலால் பாதுகாப்பு விசையைச் சத்தமில்லாமல் தள்ள முடிகிறதா? விசை இழுபடாமல் சட்டென்று விடுபடுகிறதா? குழலுக்கும் அதைத் தாங்கும் கட்டைக்கும் இடையே ஒரு தாளைச் செருகி இழுத்தால் தடையின்றிப் போகிறதா? மரக்கட்டை அழகுதான், ஆனால் ஈரத்தில் உப்பிக் குழலைத் தொட்டால் குறி மாறும். மழையில் நடக்கப்போகிறவருக்கு நார்க்கலவைக் கட்டையே மேல்.

எடையில் ஏமாறாதீர்கள். இரண்டரை கிலோ மலைத்துப்பாக்கி தோளில் தொங்கும்போது சுகம், வெடிக்கும்போது கழுதை. ஸ்கோப்போடு சேர்த்து மூன்றரை முதல் நான்கு கிலோ சரி. ஸ்கோப் மூன்று முதல் ஒன்பது மடங்கு பெரிதாக்குவது போதும். அதைப் புருவத்திலிருந்து எட்டு ஒன்பது சென்டிமீட்டராவது தள்ளிப் பொருத்தச் சொல்லுங்கள். என் வலது புருவத்துக்கு மேல் பிறைவடிவத் தழும்பு ஒன்று இருக்கிறது, அது ஒருமுறை அவசரப்பட்டதற்கான ரசீது. துப்பாக்கியின் விலையில் மிச்சம் பிடித்து ஸ்கோப்புக்குப் போடுங்கள், தலைகீழாக வேண்டாம்.

.308-க்கும் .30-06-க்கும் இன்னொரு சாதகம், பயணத்தில் தெரியும். தோட்டாப்பெட்டி வழியில் தொலைந்தால், ஏறக்குறைய எந்த நாட்டு வேட்டைக் கடையிலும் இந்த இரண்டும் இருக்கும். புதிதாக வரும் நவீனத் தோட்டாக்கள் அருமையானவை என்பதில் சந்தேகமில்லை. ஒரு சிற்றூர்க் கடையில் அவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

இனி காட்டெருமை. அதன் விலா எலும்புகள் ஒன்றோடொன்று மேற்கவியும், தோல் தடித்தது, காயம்பட்டால் புதருக்குள் நின்று உங்களுக்காகக் காத்திருக்கும். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் .375 காலிபருக்குக் குறைந்தால் அனுமதியே இல்லை. நமீபியா 5400 ஜூல் என்று ஆற்றலில் சொல்கிறது. 1912-இல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் இன்றும் அதற்கு முதல் தேர்வு: 300 கிரெய்ன் குண்டு, 5700 ஜூல் அளவு, 50 ஜூலைத் தொடும் உதை. அங்கேதான் மௌசர் வகைப் போல்ட்டில் தோட்டாவைப் பிடிக்கும் பெரிய கொக்கிக்குப் பொருள் வருகிறது. மேகசினிலிருந்து எழும் கணத்திலேயே தோட்டாவின் விளிம்பைக் கவ்விக்கொள்வதால், பதற்றத்தில் போல்ட்டைப் பாதியில் நிறுத்தினாலும் இரண்டு தோட்டாக்கள் ஒன்றையொன்று முட்டி நிற்பதில்லை. கரமோஜோ பெல் என்று பெயர்பெற்ற வேட்டைக்காரர் சின்னஞ்சிறு 7×57 தோட்டாவால் நூற்றுக்கணக்கான யானைகளைச் சுட்டார் என்று யாராவது கதை சொல்வார்கள். உண்மைதான். அவர் யானையின் மண்டையோட்டை அறுத்துப் படித்தவர், விரியாத நீண்ட குண்டைப் பயன்படுத்தியவர். நீங்களும் நானும் அவர் அல்ல. .308-இல் மூன்று நான்கு பருவங்கள் கழிந்த பிறகு .375-ஐப் பற்றி யோசிக்கலாம். அதற்குள் இரவல் வாங்கிச் சுட்டுப் பார்க்கவும் வாய்ப்புக் கிடைக்கும்.

மேக்னத்துக்கு ஒதுக்கிய பணத்தில் மிஞ்சுவதற்கு இருநூறு தோட்டா வாங்குங்கள். .22-ஐ விற்றுவிடாதீர்கள்; நின்றும், மண்டியிட்டும், மரத்தில் சாய்ந்தும் சுடும் பழக்கத்தை அதில் மலிவாக வளர்க்கலாம். மேசைமீது வைத்துச் சுடுவது குறியைச் சரிசெய்ய மட்டும். பருவத்துக்கு மூன்று வாரம் முன்பு 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு தட்டை நிறுத்துங்கள். சற்றுத் தூரம் ஓடிவந்து, மூச்சு வாங்க, குழல் குளிர்ந்திருக்கும்போது மண்டியிட்டுச் சுடுங்கள். ஐந்துக்கு ஐந்தும் தட்டில் விழும் அதிகபட்சத் தூரம் எதுவோ, அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேட்டைக்கு அழைத்துப் போகிறவர் உங்கள் துப்பாக்கியைப் பார்ப்பதற்கு முன் கேட்கப்போவது அந்த எண்ணைத்தான்.