429 கோடிக்கு மேல் ஒரு பகு எண்

கேள்வி: 4294967297 பகா எண்ணா? 100 வரையுள்ள பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துவிட்டேன், எதற்கும் மசியவில்லை. 3, 5, 17 மூன்றுக்கும் மீதி 2 வருகிறது. இது தற்செயலா?

பதில்: தற்செயல் இல்லை. 257, 65537 இரண்டாலும் வகுத்துப் பாருங்கள், அதே 2தான் மிஞ்சும். 3, 5, 17, 257, 65537 ஐந்தையும் பெருக்கினால் 4294967295. உங்கள் எண் அதைவிட 2 அதிகம், அவ்வளவுதான்.

இவை ஆறும் ஒரே வரிசை. 2-இன் 1, 2, 4, 8, 16, 32-ஆம் அடுக்குகளோடு 1 கூட்டினால் கிடைப்பவை. கணிதவியலர் ஃபெர்மாவின் பெயரால் ஃபெர்மா எண்கள் என்பார்கள். முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவதும் அப்படித்தான் என்று 17-ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா நம்பினார். 1732-இல் கணிதவியலர் ஆய்லர் அதை உடைத்துக் காட்டினார்: 641 × 6700417. இரண்டுமே பகா எண்கள். ஆக, உங்களுடையது பகு எண்.

100-ஓடு நிறுத்தியதால்தான் 641 கண்ணில் படவில்லை. ஒவ்வொன்றாகச் சோதிப்பதென்றால் எண்ணின் வர்க்கமூலம் வரை, அதாவது 65536 வரை, போக வேண்டும்; அதற்குள் 6542 பகா எண்கள் இருக்கின்றன. ஆனால் இந்த எண்ணின் காரணி எதுவானாலும், அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். இதை நிறுவியவரும் ஆய்லர்தான். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகும். 257 ஏற்கெனவே கழிந்தது. மிச்சம் நான்கே நான்கு வகுத்தல்!

அதுகூட வேண்டாம், எனக்கு மிகவும் பிடித்த வழி இது. 640 = 5 × 2⁷. அது 641-க்கு ஒன்று குறைவு. அதனால் 640⁴-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி 1. அந்த 640⁴ என்பது 625 × 2²⁸. 625 = 641 − 16 என்பதால், மீதிக் கணக்கில் 625-க்குப் பதில் −16 போடலாம். −16 × 2²⁸ என்றால் −2³². அதாவது −2³²-க்கும் மீதி 1. அப்படியானால் 2³² + 1 மீதியின்றி வகுபடும். பத்து இலக்க எண்ணை எழுதாமலே முடிந்துவிட்டது, எவ்வளவு அழகு!

சரி, வகைப்பாடு. ஒற்றைப்படை எண், வகுத்திகள் நான்கு. தன்னை விட்டு மற்ற மூன்றின் கூட்டுத்தொகை 6701059தான், எண்ணைவிடக் குறைவு, எனவே குறை எண். 2-ஐ வைத்துச் செய்யும் ஃபெர்மா சோதனையில் (எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி, அந்த எண்ணாலேயே வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது) பகா எண்போலவே தேறிவிடும், எனவே போலிப் பகா எண்ணும்கூட.

இன்னொன்று: இது 65536² + 1². அதே எண் 62264² + 20449² என்றும் பிரியும். ஒரு பகா எண்ணை இப்படி இரு வர்க்கங்களின் கூடுதலாக இரண்டு விதமாக எழுதவே முடியாது. அந்த 20449-உம் 143-இன் வர்க்கம். தாளில் போட்டுச் சரிபாருங்கள்.