டைம்அவுட் ஆச்சுன்னா பணம் போகலன்னு அர்த்தம் இல்ல

கேள்வி: பெங்களூர் மாரத்தஹள்ளில பேக்எண்ட் டெவலப்பரா இருக்கேன். எங்க ஆர்டர் சர்வீஸ் பேமென்ட் சர்வீஸுக்கு மெசேஜ் அனுப்பும், அங்கேருந்து ஆக், அதாவது கிடைச்சுது, முடிச்சாச்சுங்கிற பதில் வரும். அந்த ஆக் தொலைஞ்சா என்ன பண்றதுன்னு ரிவ்யூல பெரிய வாக்குவாதம். ஆக்குக்கும் ஒரு ஆக் அனுப்பணும்னு லீட் சொல்றார். எத்தனை ஆக் இருந்தா ரெண்டு பக்கமும் உறுதி ஆகும்? ஒருத்தர் மோடல் லாஜிக் படிச்சுப் பாருன்னார், அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: எத்தனை வச்சாலும் ஆகாதுங்க. நூறு வச்சாலும் ஆகாது, இது நிரூபிச்ச விஷயம்.

சர்வீஸை கொஞ்சம் ஓரமா வைங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி நீங்களும் ஃப்ரெண்டும் மடிவாளால பஸ் ஏறி சேலம் போகணும், போனா ரெண்டு பேரும் சேர்ந்துதான் போகணும், ஒருத்தர் மட்டும் போய் நின்னா வேலைக்கு ஆகாது. நெட்வொர்க் படு மோசம், மெசேஜ் போனாலும் போகும் போகாமலும் இருக்கும். "பத்து மணி பஸ், வந்துரு"ன்னு போடுறீங்க. அவனுக்குக் கிடைச்சுது, ஆனா கிடைச்சுதுன்னு உங்களுக்குத் தெரியாது. அவன் "ஓகே" போடுறான், அது உங்களுக்கு வந்துருச்சு, இப்ப அவனுக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியும், ஆனா தன்னோட ஓகே வந்து சேர்ந்துச்சான்னு அவனுக்குத் தெரியாதே, சேரலைன்னா நீங்க கிளம்ப மாட்டீங்கன்னு அவன் பேக்கை மடியில வச்சுக்கிட்டு ரூம்லயே உக்காந்திருப்பான். நீங்க இன்னொரு ஓகே போட்டா அதே தவிப்பு உங்க பக்கம் வந்துரும். ஒவ்வொரு மெசேஜும் ஒரே ஒரு "தெரியும்"தான் கூட்டும்.

சரி, ஏதோ ஒரு எண்ணிக்கைல முடியும்னு வச்சுக்குவோம், இருக்கறதுலயே கம்மியான எண்ணிக்கை. அதுல கடைசி மெசேஜ் தொலைஞ்சு போகலாம். அனுப்பினவருக்கு அது போச்சா இல்லையான்னு தெரிய வழியே இல்ல, அதனால ரெண்டு நிலைமையிலயும் அவர் ஒரே மாதிரிதான் நடந்துக்குவார், அதாவது கிளம்பிருவார். அப்போ மத்தவரும் அந்த மெசேஜ் வராமலே கிளம்பியாகணும். அப்படின்னா அது தேவையே இல்லாத மெசேஜ், அதை விட்டுட்டு இன்னும் கம்மில முடிச்சிருக்கலாம். இப்படியே உரிச்சுக்கிட்டே போனா பூஜ்யத்துல வந்து நிக்கும். சேர்ந்து தாக்கறதுக்கு தூது விட்டுக்கிற ரெண்டு படைத் தளபதிகளை வச்சு, ரெண்டு ஜெனரல்கள் புதிர்னு சொல்றது இதைத்தான்.

இதை எழுதி வைக்கிற மொழிதான் அந்த மோடல் லாஜிக், "இருந்தே ஆகணும்", "இருக்கலாம்", "தெரியும்" மாதிரி சொற்களுக்கான லாஜிக். அறிவைப் பத்தினதை எபிஸ்டெமிக் லாஜிக்னு சொல்வாங்க, 1962ல யாக்கோ ஹின்டிக்காங்கிற பின்லாந்து தத்துவ அறிஞர் ஒரு புத்தகமாவே எழுதினார். அடிப்படை சுலபம். உங்க கைல இருக்கற தகவலுக்கு ஒத்துப்போற உலகம் எல்லாத்தையும் வரிசையா வைங்க, ஒரு விஷயம் அத்தனை உலகத்துலயும் உண்மையா இருந்தா உங்களுக்கு அது "தெரியும்". ஒரே ஒரு உலகத்துல பொய்யா இருந்தாலும் தெரியாது. மெசேஜ் வந்தா சில உலகம் அழிஞ்சு போகும், அவ்வளவுதான். எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரியும்னு முடிவே இல்லாம போறதுக்குப் பேரு காமன் நாலெட்ஜ். ஒரே டீக்கடைல எதிரெதிரே நின்னு பேசினா சட்டுனு வந்துரும். மெசேஜ் தொலையலாம்ங்கிற நெட்வொர்க்ல மெசேஜ் அனுப்பி அதை உண்டாக்கவே முடியாதுன்னு கம்ப்யூட்டர் விஞ்ஞானிகளான ஹால்பெர்னும் மோசஸும் நிரூபிச்சாங்க, 1990ல ஜர்னல்ல வந்துச்சு.

இப்ப உங்க சர்வீஸுக்கு வருவோம். டைம்அவுட் ஆன, அதாவது ஆக்குக்காகக் காத்திருக்கற நேரம் முடிஞ்ச நிமிஷத்துல ஆர்டர் சர்வீஸ் முன்னாடி ரெண்டு உலகம் இருக்கு, ஒண்ணுல பணம் எடுத்தாச்சு ஆக் மட்டும் தொலைஞ்சுது, இன்னொண்ணுல எடுக்கவே இல்ல. நீங்க டேட்டாபேஸ்ல "ஃபெயில்டு"ன்னு எழுதினா ஒரு உலகத்தை கையால அழிக்கிறீங்க. இந்த லாஜிக்ல "தெரியும்"னா அது உண்மையா இருந்தே ஆகணும்னு ஒரு விதி இருக்கு, உங்க ஃபெயில்டு அந்த விதியையே மீறுது, அது வெறும் நம்பிக்கை. இன்னொரு விதி, தெரியாதுன்னா தெரியாதுங்கிறதாவது தெரியும். அதை எழுதுங்க, "பெண்டிங்"னு. என்னைக் கேட்டா இந்த ஒரு மாத்தம் உங்க லீட் சொல்ற ஆக்குக்கான ஆக்கை விட ஆயிரம் மடங்கு முக்கியம்.

அப்புறம் உங்க லீட்கிட்ட கேளுங்க, யாருக்கு எத்தனை அடுக்கு தெரியணும்? பேமென்டுக்கு ரிக்வெஸ்ட் தெரிஞ்சா போதும். ஆர்டருக்கு பணம் எடுத்தாச்சுன்னு தெரிஞ்சா போதும். ஆர்டருக்குத் தெரியும்னு பேமென்டுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்ல, ஏன்னா அது தெரியலைன்னு பேமென்ட் எதையும் நிறுத்தி வைக்கப் போறதில்ல. அதனால ஒவ்வொரு பேமென்டுக்கும் ஒரு கீ, அதாவது அடையாள எண் குடுங்க, ஆக் வர்ற வரைக்கும் ஆர்டர் அதே கீயோட ரிட்ரை பண்ணட்டும், அதாவது திரும்பத் திரும்ப அனுப்பட்டும், பேமென்ட் அந்த கீயை ஏற்கனவே பார்த்திருந்தா திரும்பப் பணம் எடுக்காம பழைய பதிலையே குடுக்கட்டும்.

அதே கீ, இதை மட்டும் விட்டுறாதீங்க. நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு எடத்துல கீ உருவாக்குற வரியை ரிட்ரை லூப்புக்கு உள்ள வச்சுட்டோம், ஒவ்வொரு தடவையும் புதுசு புதுசா யூயூஐடி, அதாவது வேற வேற கீ. ஒருத்தருக்கு வாடகைக்கு வச்சிருந்த பணம் ரெண்டு தடவை போச்சு. அவர் ஃபோன்ல அழுதது இன்னும் காதுல இருக்கு. அந்த வரியை லூப்புக்கு மேல ஏத்தினதுதான் ஃபிக்ஸ்.

ஆக்குக்கான அந்த ஆக் எதுக்காவது உதவுமான்னா, பேமென்ட் அந்த கீயை எப்ப அழிக்கலாம்னு தெரிஞ்சுக்க உதவும். ஆனா அதுக்கு நேரம் போதும். இன்டர்நெட்ல ரெண்டு கம்ப்யூட்டர் பேசிக்கிற விதிமுறையான டிசிபிலயே கனெக்‌ஷனை மூடும்போது கடைசி ஆக் அனுப்பினவர் அது சேர்ந்துச்சான்னு தெரியாம டைம்-வெயிட்ங்கிற நிலைல காத்திருப்பார், லினக்ஸ்ல 60 செகண்ட், அப்புறம் கிளம்பிருவார். நீங்களும் அப்படியே பண்ணலாம். உங்க கடைசி ரிட்ரை எவ்வளவு நேரம் கழிச்சு வரக்கூடும்னு கணக்குப் போட்டு, மெசேஜ் க்யூல தேங்கி நிக்கற நேரத்தையும் சேர்த்து, அதை விட அதிக நேரம் கீயை வச்சிருங்க.